வெண்ணெய் சாத்திய முகங்கள்

கரட்டுப்புதூர்,
வைகாசி 20.

அன்புச் சாமி இலக்கியாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இந்த வரியை எழுதுகிற நேரத்தில் நானும் உங்கப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அவர் இரண்டு தோசை தின்றுவிட்டு மோட்டார் போடப் போயிருக்கிறார், இதை முதலில் மனதில் வாங்கிக்கொண்டு அப்புறம் மேலே படி. நீயும் அந்தக் குளிரில் காலுக்கு உறை மாட்டிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, நைட் டூட்டி முடிந்ததும் போனை நோண்டாமல் தூங்கி, நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். தினமும் முகம் பார்த்துப் பேசுகிறோமே, அம்மாவுக்கு எதற்குக் காகிதமும் பேனாவும் என்று கேட்பாய். நான் போனை எடுத்தால் உங்கப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு நான் கேட்காத கேள்விக்கும் பதில் சொல்கிறார், உனக்குத் தெரியாததா. இது அவர் காதில் விழக்கூடாத சேதி. உன் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் ராசிபுரத்துப் பையன் சிவபிரகாஷ் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை அயர்லாந்து திரும்புகிறானாம், பருப்புப்பொடி டப்பாவோடு இதையும் அவனிடம் கொடுத்துவிடுகிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன் சாமி. உங்கப்பா பூச்சிமருந்து டேங்கை மறுபடியும் முதுகில் மாட்டிவிட்டார். பதறாதே, அடிக்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மருந்தடித்துக்கொண்டிருந்தவர் வரப்பிலேயே நுரை தள்ளி விழுந்து, நாமக்கல் ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் கண்ணின் மணி ஊசிமுனை மாதிரி சுருங்கிக் கிடந்தாரே, அதை நான் சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன். இன்னொரு தரம் இது உடம்புக்குள் போனால் ஆளைத் திருப்பித் தரமுடியாது என்று டாக்டர் சொன்னதையும் நீதான் எனக்குத் தமிழில் விளங்கவைத்தாய். நீ போனில் அழுது சத்தியம் கேட்டபோதுகூட, எனக்குத்தான் சாமி இல்லையே, சாமி மேல எப்படிச் சத்தியம் பண்றது, உன்ற மேல சொல்றேன், இனி டேங்கைத் தொடமாட்டேன் என்றார். அந்த வாக்கை மீறி அவர் ஏன் தொட்டார் என்பதற்கு ஊரில் எல்லாரும் வெயிலைக் காரணம் சொல்கிறார்கள். வெயில் பாதிதான். மீதி நான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இந்த வருஷம் மாசியிலேயே சித்திரை வெயில் வந்துவிட்டது. பங்குனியில் ஒரு மழையாவது பெய்யும், பெய்தால் இலையில் இருப்பதெல்லாம் கழுவிக்கொண்டு போகும், அதுவும் இல்லை. தெற்குக் காட்டில் ஒன்றரை ஏக்கர் மரவள்ளிக் குச்சிக்கிழங்கு நட்டிருக்கிறோம் என்று சொன்னேனே, அதன் கொழுந்துகள் ஒவ்வொன்றாக மூடின கைமுட்டி மாதிரி சுருண்டுபோயின. பிரித்துப் பார்த்தால் உள்ளே வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி. போன தடவை இது வந்தபோது வேளாண் ஆபீசிலிருந்து கண்ணுக்கே தெரியாத குட்டிக் குளவிகளைக் குப்பியில் கொண்டுவந்து விட்டார்கள், நினைவிருக்கிறதா. அந்தக் குளவி மாவுப்பூச்சியின் உடம்புக்குள்ளேயே முட்டை வைக்கும், குஞ்சு உள்ளிருந்தே தின்றுவிட்டுத் துளை போட்டு வெளியே வரும். துளை விழுந்த காய்ந்த கூடுகளை உள்ளங்கையில் வைத்து ஊதி ஊதி உங்கப்பா சந்தோஷப்பட்டார். இந்த வருஷம் நான் ஒவ்வொரு இலையாகப் பார்த்தேன். ஒரு துளைகூட இல்லை. எல்லாமே உயிரோடு இருந்தன, நாளுக்கு நாள் கூடிக்கொண்டே இருந்தன. காட்டுக்குள் போய் வந்தால் சேலை, கை, முடி எல்லாம் வெள்ளையாகிவிடும், ஒருநாள் கண்ணாடியில் பார்த்துவிட்டு இது யாரோ கிழவி என்று நானே திடுக்கிட்டேன். அதைவிட மோசம் அந்த அமைதி. தட்டான் இல்லை, சிலந்தி வலை இல்லை, கரிச்சான் குருவி வந்து கம்பியில் உட்காரவில்லை. உச்சிவெயிலில் நடுக்காட்டில் நின்றால் என் மூச்சு எனக்கே சத்தமாகக் கேட்டது.

சித்திரை பிறந்து நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, நல்ல உச்சிப்பொழுது, அப்பாவுக்குச் சோறு கொடுத்துவிட்டுத் திரும்பும்போது பின்னாலிருந்து யாரோ பார்க்கிற மாதிரி இருந்தது. திரும்பினேன், ஆளில்லை. இரண்டடி வைத்தேன், மறுபடியும் அதே உறுத்தல். என் கண் மட்டத்தில் இருந்த ஒரு இலையின் மேல் உளுந்தைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு முகம். சாமி, நான் மிகைப்படுத்தவில்லை. பழுப்பு நிறம், இரண்டு கறுத்த கண்குழி, சப்பை மூக்கு, இறுக மூடின வாய். குரங்கு முகம். கண்ணை மூடித் திறந்தேன், அப்படியே இருந்தது. பக்கத்துச் செடியில் இன்னொன்று. அதற்கடுத்ததில் இரண்டு. ஒன்றைக் கண்டுவிட்ட பிறகு எங்கே பார்த்தாலும் அவைதான், காடு முழுக்க மூச்சுவிடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. பயத்தில் வாயில் வந்தது ஆஞ்சநேயா என்பதுதான். நாமக்கல்லில் பிறந்து வளர்ந்தவளுக்கு வேறு என்ன வரும்? அப்போதுதான் இன்னொன்றும் கவனித்தேன், முகம் இருந்த இலைகளில் மட்டும் மாவுப்பூச்சி குறைவாக இருந்தது. சாமி காட்டுக்கு வந்து காவல் நிற்கிறார் என்று நினைத்துவிட்டேன். சாமி மேல் வெயில் அடிக்கலாமா, எச்சில் கை படலாமா? மூன்று நாளில் நாற்பத்து மூன்று முகங்களை இலையோடு கிள்ளி, தாம்பாளத்தில் அடுக்கி, பூஜை அறையில் வைத்தேன். உங்கப்பா அந்த அறைப் பக்கமே வரமாட்டார், அவருக்குச் சொல்லவில்லை, சொன்னால் கிண்டல் செய்தே கொன்றுவிடுவார்.

சனிக்கிழமை வந்தது. மேலே படித்துவிட்டுச் சிரிக்காதே. நாமக்கல்லில் அந்தப் பெரிய மேனிக்கு வெண்ணெய்க் காப்புச் சாத்துவார்களே, நீகூடச் சின்ன வயதில் சாமி ஐஸ்கிரீம் பூசிக்கொண்டிருக்கிறார் என்பாய். நான் எருமைப்பாலில் புதிதாக எடுத்த வெண்ணெயைத் தீக்குச்சி முனையில் தொட்டு, நாற்பத்து மூன்று முகத்துக்கும் காப்புச் சாத்தினேன். கண் மூக்கு மறையாமல் சுற்றிலும் பூசவேண்டும் என்று அரைநாள் உட்கார்ந்து செய்தேன். பக்கத்துக் காட்டுக் குஞ்சம்மாள் வந்து பார்த்துவிட்டு விழுந்து கும்பிட்டாள். மறுநாள் அவள் காட்டிலும் முகங்களைத் தேடிப் பறித்துக்கொண்டாள். அவளுக்கு வாய் சும்மா இருக்குமா, அந்த வாரத்துக்குள் எங்கள் வீதியில் குச்சிக்கிழங்கு போட்டிருக்கிற எல்லா வீட்டுப் பூஜை அறையிலும் ஒரு தட்டு, தட்டு நிறைய முகம், முகத்துக்கெல்லாம் வெண்ணெய். காப்பை இன்னும் அழகாகச் சாத்தவேண்டும் என்றால் என்னிடம் வந்து கேட்டுப் போனார்கள். எனக்குப் பெருமைதான், மறைப்பானேன்.

அப்புறம் அவை கறுக்க ஆரம்பித்தன. முதலில் ஓரத்தில் ஒன்று. காலையில் விளக்கேற்றப் போனால் இரவு பழுப்பாக இருந்த முகம் கரியாக இருந்தது, வாய் மட்டும் லேசாகச் சுருங்கி ஏதோ சொல்லவந்து நிறுத்தின மாதிரி. மறுநாள் ஆறு. அதற்கு மறுநாள் எண்ணவில்லை, எண்ணப் பயம். அந்த அறையின் ஓட்டுச் சூட்டில் வெண்ணெய் உருகித் தாம்பாளத்தில் நின்றது, அதில் நாற்பத்து மூன்று கறுத்த முகமும் மல்லாந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. என்ன குற்றம் செய்தேன் என்று அழுதேன். விரதம் இருந்தேன். கதவைச் சாத்திவிட்டால் உள்ளே அவை இருக்கிற நினைப்பில் சமையல் ஓடாது, திறந்துவைத்தால் பார்க்கிற நினைப்பில் ஓடாது. காட்டிலோ அந்தப் பத்து நாளில் வெள்ளை இரண்டு மடங்காகிவிட்டது. முகம் இருந்து நான் கிள்ளி எடுத்த செடிகள்தான் முதலில் மொட்டையாயின.

வேளாண் ஆபீசில் புதிதாக மோகனப்பிரியா என்று ஒரு பெண் வந்திருக்கிறாள், உன் வயதுதான் இருக்கும், கழுத்தில் பூதக்கண்ணாடி தொங்கவிட்டுக்கொண்டு வண்டியில் வருவாள். காட்டைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கேட்டு வீட்டுக்கு வந்தவளிடம் என்னால் அடக்கமுடியவில்லை, தாம்பாளத்தை எடுத்துக்காட்டினேன். அவள் கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தாள். அக்கா, இது சாமி இல்லீங்க, பட்டாம்பூச்சிக் கூடுங்க என்றாள். மற்றப் பட்டாம்பூச்சிப் புழு இலையைத் தின்னுமாம், இந்தப் புழு மாவுப்பூச்சியைத் தின்னுமாம். தின்ற பூச்சியின் மாவையே மேலே அப்பிக்கொண்டு அதுகளுக்கு நடுவில் ஊருமாம். கொழுத்த வெள்ளைப் புழு ஒன்று அங்கங்கே இருக்குமே, நான் அதைத்தான் மாவுப்பூச்சிக்குத் தலைவன் என்று நினைத்துத் தேடித்தேடி நசுக்கினேன். கூடாகும்போது இப்படிக் குரங்கு முகம் வந்துவிடுமாம், குருவி பயந்து தொடாமல் இருக்க. குருவிக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. கூடு மூச்சுவிடுகிற பொடித் துளைகளை வெண்ணெய் அடைத்துவிட்டது, அவ்வளவுதான் என்று மெதுவாகத்தான் சொன்னாள். வெண்ணெயால் நாற்பத்து மூன்று உயிருக்கு மூச்சை நிறுத்தியிருக்கிறேன். வீதி முழுக்கக் கணக்குப் போட்டால் எத்தனை?

குளவி எங்கே போச்சுங்க என்று கேட்டேன். அதற்கு அவள் சொன்னதை நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். சூடு ஏற ஏற மாவுப்பூச்சி சீக்கிரம் சீக்கிரமாப் பெருகுதுங்க அக்கா, குளவிக்கு அந்தச் சூடு தாங்கறதில்லீங்க, நாலு நாள்ல செத்துருது, இலையைத் தின்னுறது முன்னாடி ஓடிப்போயிருது, அதைத் தின்னுறது பின்னாடியே நின்னுபோயிருது, வருஷா வருஷம் இந்தத் தூரம் கூடிக்கிட்டே போகுதுங்க என்றாள். இந்த வருஷம் இந்த முகங்கள்தான் எப்படியோ சமாளித்து வந்து சேர்ந்தவை, இருக்கிறதை விட்டுவையுங்கள், மருந்து அடித்தால் இதுவும் போய்விடும் என்று சொல்லிவிட்டுத் தண்ணீரைக் குடிக்காமலே போய்விட்டாள். குஞ்சம்மாள் அதற்குள் டிரோன் வைத்து மருந்தடித்துவிட்டாள். அடித்த மறுநாள் அவள் காட்டில் நின்று பார்த்தேன், எறும்புகூட இல்லை, கூப்பிட்டால் எதிரொலிக்கும் போலிருந்தது. இருபது நாளில் மாவுப்பூச்சி மட்டும் திரும்பி வந்தது. தனியாக. அதைத் தடுக்க அங்கே ஒன்றுமில்லை.

இதையெல்லாம் உங்கப்பாவிடம் சொல்லியிருக்கவேண்டும். வாய் வரவில்லை சாமி. முப்பது வருஷமாக என் சாமியைக் கிண்டல் செய்கிற மனுஷனிடம், உன் காட்டுக்கு வந்த காவலை நான்தான் கும்பிட்டே கொன்றேன் என்று எப்படிச் சொல்வேன்? பாழாய்ப்போன வெயில் எல்லாத்தையும் கொன்னுபோட்டுது என்று அவர் தினமும் சொல்வார், நானும் ஆமாங்க ஆமாங்க என்பேன். கத்திரி முடிகிற சமயம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மாட்டுக்குத் தவிடு எடுக்கப் போனேன், கொட்டகையில் டேங்க் மாட்டியிருக்கும் ஆணி வெறுமையாக இருந்தது. யாரும் காட்டுக்கு வராத உச்சிநேரமாகப் பார்த்து எடுத்துப் போயிருக்கிறார். செருப்புப் போடாமல் ஓடினேன். வரப்பிலேயே மருந்து நாற்றம் மூக்கில் ஏறிற்று. நடுக்காட்டில் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு, குழாயை நீட்டிப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். அசையவில்லை. கூப்பிட்டேன், திரும்பவில்லை. நின்றபடியே உயிர் போய்விட்டது என்று நினைத்தேன், அந்த வெள்ளைக் காட்டில் அவர் மேலும் வெள்ளை படிந்து, சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டேன். துண்டுக்குள்ளிருந்து மெல்லிசாகக் குரல் வந்தது. பாவாயி, இது என்னையே பாக்குது, அடிக்க முடியல என்றார்.

குழாய் முனைக்கு நேரே ஒரு இலை, அதில் ஒரு முகம். நான் நசுக்காமல் விட்டுப்போன ஏதோ ஒரு புழுவுடையது. சாமியே இல்லை என்கிற ஆள் அதன் முன்னால் வேர்த்து நிற்கிறார், சாமி என்று கும்பிட்ட நான் பக்கத்தில் நின்றுகொண்டு, அது புழுக்கூடுங்க, நல்ல பூச்சி, விட்டுடுங்க என்று சொல்கிறேன். டேங்கை முதுகிலிருந்து நான்தான் கழற்றி அங்கேயே செடிகளுக்கு நடுவில் வைத்தேன். இழுத்துக்கொண்டுபோய்த் தொட்டியில் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, கண்மணியைப் பார்த்து, நீ சொல்லிக்கொடுத்த மாதிரி நாடியை எண்ணிப் பார்த்தேன். நன்றாக இருந்தார். அன்று சாயந்திரம் இரண்டு பேருமாகத் தேடியதில் காடு முழுக்கப் பதினொரு முகம் கிடைத்தது. முகம் இருந்த செடிக்கெல்லாம் துணி கட்டி அடையாளம் வைத்தோம். பத்து நாள் பார்ப்பேன், அதுக்குள்ள ஒண்ணும் ஆகலைன்னா அடிச்சே தீருவேன், அப்புறம் யாரும் என்னைத் தடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். அந்தக் குரல் உனக்குத் தெரியும், சொன்னால் செய்வார். அன்றிலிருந்து அந்தப் பதினொன்றும் எனக்கு உங்கப்பா உயிர்தான்.

கூடு அதிகச் சூட்டில் காய்ந்துவிடும் என்று மோகனப்பிரியா சொன்னதை அவரிடம் சொல்லியிருந்தேன். நான்காம் நாள் சோறு கொண்டு போனேன், வரப்பில் ஆளைக் காணோம். உள்ளே போய்ப் பார்த்தால், தலையில் துண்டுகூட இல்லாமல் உங்கப்பா நின்றுகொண்டு அந்த முதல் முகத்துக்குக் குடை பிடித்துக்கொண்டிருக்கிறார். மற்றப் பத்துக்கும் பழைய சேலையைக் கிழித்துப் பந்தல் போட்டிருக்கிறார், என் கத்திரிப்பூ நிறச் சேலை, அது வேறு கதை. நாமக்கல்லில் கூரையில்லாமல் வெயிலில் நிற்கிற ஆஞ்சநேயருக்கு இங்கே இந்த நாத்திகர் குடை பிடிக்கிறார் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அன்று நான் கேலி செய்திருந்தால் குடையை மடக்கியிருப்பார். என்னையும் நிற்கச் சொல்லிவிட்டுச் சாப்பிட்டார், மாற்றி மாற்றிப் பிடித்தோம். அந்த மத்தியானங்களில் அது எங்களைப் பார்க்க, நாங்கள் அதைப் பார்க்க, சுற்றிலும் வெள்ளை. எனக்கு அப்போதும் பயமாகத்தான் இருந்தது, புழுக்கூடு என்று தெரிந்தபின்னும் பயம் போகவில்லை சாமி.

நேற்றுக் காலையில் ஒன்பதாம் நாள். முதல் முகத்தின் பின்மண்டை பிளந்து கிடந்தது. அதே இலையின் அடியில் சாம்பல் நிறத்தில் விரல்நகம் அளவு ஒரு பட்டாம்பூச்சி, இறகை ஆற்றிக்கொண்டு இருந்தது, முகத்துக்கும் அதற்கும் ஒரு ஜாடையும் இல்லை. பறந்து போயிற்று. கூடு காலி, ஆனால் முகம் மட்டும் அப்படியே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. சாயந்திரத்துக்குள் ஏழு பிளந்தன. நான்கு காய்ந்துவிட்டன. ஏழு போதுமா என்று தெரியாது. மோகனப்பிரியாவும் தெரியாது என்றுதான் சொல்கிறாள். அடுத்த வருஷம் வெயில் இன்னும் முன்னால் வந்துவிட்டால் இந்த ஏழின் பிள்ளைகளும் பின்னால் நின்றுவிடுமோ என்னவோ. வீட்டுக்கு வந்து தோசை வார்த்துப் போட்டேன். உங்கப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே, வெண்ணெய் கொஞ்சம் வையி, மிச்சம் இருக்குதா, இல்ல எல்லாத்தையும் சாத்திப்போட்டயா என்றார். கரண்டி கையிலிருந்து விழுந்துவிட்டது. அவருக்குத் தெரிந்திருக்கிறது. எந்த நாளிலிருந்தோ. அந்த அறைப்பக்கமே வராதவர் எப்போது வந்து பார்த்தார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வெண்ணெய் வைத்தேன், தின்றுவிட்டு எழுந்துவிட்டார். அதற்குப் பிறகு பின்கட்டில் போய் உட்கார்ந்து நன்றாக அழுதேன்.

ஆகவே இதில் அவர் காதில் விழக்கூடாதது என்று இப்போது ஒன்றே ஒன்றுதான் மிச்சம், வாக்கு மீறினதை நான் உனக்குச் சொல்லிவிட்டேன் என்பது. போனில் அவரைத் திட்டாதே. வெயில் எப்படி என்று மட்டும் கேள். நேரத்துக்குச் சாப்பிடு, எண்ணெய் தேய்க்காமல் தலையைக் காயவிடாதே, அடுத்த லீவை இப்போதே எழுதிக்கொடுத்து வை. எந்தக் குறையும் இல்லாமல், நோய்நொடி அண்டாமல், நீ தொட்டுப் பார்க்கிற நோயாளியெல்லாம் எழுந்து நடக்க, நீண்டநாள் நன்றாக இருக்கவேண்டும் என்று எல்லாத் தெய்வத்தையும் வேண்டிக்கொள்கிறேன், வெண்ணெய் மட்டும் இனி யாருக்கும் சாத்துவதாக இல்லை.

என்றும் உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
செ. பாவாயி.

மறுநாள் காலை எழுதுவது: ஒட்டுவதற்கு முன் இதையும் சேர்த்துவிடுகிறேன். டேங்க் அன்றிலிருந்து செடிகளுக்கு நடுவிலேயே கிடக்கிறதே, அதை எடுத்து மருந்தைக் குழிதோண்டிக் கொட்டிவிட்டு, டேங்கையும் கண்காணாமல் செய்துவிடலாம் என்று விடிந்ததும் போனேன். கைப்பிடியைத் தொடப்போன கையை அப்படியே நிறுத்திவிட்டேன். கை சுற்றிப் பிடிக்கிற இடத்தில், சரியாக நடுவில், புதிதாக ஒரு முகம். புழு ஒன்று செடியிலிருந்து இறங்கி ஏறியிருக்கும், வேறொன்றும் இல்லை, எனக்கு அது தெரியும். உங்கப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். அப்புறம் வீட்டுக்குப் போய்க் குடையை எடுத்துக்கொண்டு வந்தார்.